ஸ்கோப் ஜீரோ நிற்கவே மாட்டேன் என்கிறது (பிரேக் பேரல் ஏர் ரைபிள், கடலூர்)

கெடிலக்கரை (கடலூர்)

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது .177 (4.5 மி.மீ.) பிரேக் பேரல், அதாவது பேரலை மடக்கி ஏற்றும் வகை, ஸ்ப்ரிங் பிஸ்டன். மேலே 3-9×40 ஸ்கோப், அதைப் பிடிக்கத் தனித்தனியாக இரண்டு ரிங், ரிங்கைப் பூட்ட துப்பாக்கி உடம்பின்மேல் 11 மி.மீ. டவ்டெயில் பள்ளம். வாங்கிய கடையிலேயே ஸ்கோப்பை மாட்டிக் கொடுத்தார்கள். நெல்லிக்குப்பம் பக்கம் சித்தப்பாவின் தென்னந்தோப்பு இருக்கிறது. அங்கே மண்மேட்டுக்கு முன்னால் அட்டை வைத்து 20 மீட்டரில் சுடுவேன்.

காலையில் வெயில் ஏறுவதற்குள் போய், பொறுமையாக உட்கார்ந்து ஜீரோ வைக்கிறேன் (குறி பார்க்கும் இடத்திலேயே பெல்லட் விழும்படி ஸ்கோப்பைத் திருத்துவது). நாலைந்து பெல்லட் நடுவில் போகும். அப்புறம் திடீரென்று இரண்டு விரற்கடை கீழே விழும். ஸ்கோப் திருகில் மேலே சில கிளிக் ஏற்றினால் ஒன்றுமே நடக்காது. அப்படியே இன்னும் இரண்டு சுட்டால் ஒரேயடியாக மேலே குதிக்கும். சரி என்று இறக்கினால் மறுபடி அதே கதை. இடவலமாகப் பெரிதாக அலைவதில்லை, மேல் கீழ்தான். ரிங்கைக் கையால் ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. பெல்லட் ஒரே டப்பாதான்.

ஸ்கோப் போய்விட்டதா? புதிது வாங்குவதற்கு முன்னால் என்னென்ன பார்க்க வேண்டும்?

வெள்ளிக் கடற்கரை (கடலூர்)

ஸ்கோப்தான். யோசிக்கவே வேண்டாம். ஸ்ப்ரிங் ஏர்கன் உதைப்பது சாதாரண உதை இல்லை. பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் வரும். பிஸ்டன் சிலிண்டர் முனையில் போய் நின்றதும் துப்பாக்கி முன்னால் இழுபடும். ஒரே சூட்டில் இரண்டு திசையிலும் அடி. தோட்டாத் துப்பாக்கிக்கென்று செய்த பல ஸ்கோப்புகள் பின்னால் வரும் உதையை மட்டும் மனதில் வைத்துச் செய்தவை. முன்பக்க இழுப்பில் உள்ளே லென்ஸைப் பிடித்திருக்கும் வளையம் நகர்ந்துவிடும். என்னுடைய பழைய ஸ்கோப்பில் கிராஸ்ஹேரே (குறி பார்க்கும் குறுக்குக்கோடு) சாய்ந்து போனது. ஏர்கனுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கும் ஸ்கோப் வாங்குங்கள், வேலை முடிந்தது.

லாஸ்பேட்டை லேத் (புதுச்சேரி)

தம்பி, கொஞ்சம் பொறுங்கள். பணத்தைக் கையில் எடுக்கும் முன் மூன்று கேள்வி.

துப்பாக்கியில் ஓபன் சைட் (ஸ்கோப் இல்லாமல் குறி பார்ப்பது) இன்னும் இருக்கிறதா? மேல்கீழ் டர்ரெட் (ஸ்கோப்பைத் திருத்தும் திருகு) இப்போது எந்த இடத்தில் நிற்கிறது, அதாவது மேல்பக்கம் இன்னும் எத்தனை கிளிக் பாக்கி? துப்பாக்கியைக் கட்டையோடு பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

ஜீரோ நிற்கவில்லை என்றால் எல்லோர் கையும் முதலில் ஸ்கோப்புக்குத்தான் போகிறது. பேரல் மூட்டு, கட்டை, மவுண்ட், ரிங், ஸ்கோப், உங்கள் கன்னம், பெல்லட் என்று இத்தனை இடத்தில் எது தளர்ந்தாலும் அட்டையில் ஒரே மாதிரிதான் தெரியும். பட்டறைக்கு வருகிற ஏர்கன்களில் ஸ்கோப் உள்ளே உடைந்தது குறைவு. அதைச் சுற்றி இருப்பது கோளாறாக இருப்பதே அதிகம்.

பத்து மீட்டர் (புதுச்சேரி)

கெடிலக்கரை அண்ணா, எப்படிப் பிடித்துச் சுடுகிறீர்கள் என்று சொல்லவில்லையே. மணல் மூட்டைமேல் அழுத்தி வைத்துச் சுட்டால் ஸ்ப்ரிங் ரைபிள் ஒருநாளும் ஒரே இடத்தில் போடாது. பெல்லட் பேரலை விட்டு வெளியே வருவதற்குள் துப்பாக்கி நகர ஆரம்பித்துவிடுகிறது. அது ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி நகர்ந்தால்தான் குரூப் கிடைக்கும், அதாவது துளைகள் ஒன்றாக விழும். அதனால் உள்ளங்கையை விரித்து அதன்மேல் கட்டையை உட்கார வைக்க வேண்டும், இறுக்கிப் பிடிக்கக் கூடாது. உள்ளங்கை இருக்கும் இடமும் மாறக் கூடாது. ட்ரிகர் கார்டுக்குப் பக்கத்தில் ஒரு தடவை, முன்னால் தள்ளி ஒரு தடவை என்று வைத்தால் மேல்கீழாகத்தான் மாறும். உங்களுக்கு இருப்பதும் அதே மேல்கீழ்.

நான் பயிற்சி எடுப்பது 10 மீட்டர் பிரிவில். அங்கே ஸ்கோப்பே கிடையாது, ஓட்டை வழியாகப் பார்க்கும் டயாப்டர் சைட்தான். உங்கள் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் அந்தப் பிரிவில்தான். அதில் பத்து புள்ளிக்கான இடத்தின் விட்டம் 0.5 மி.மீ. அந்த அளவுக்கு வேலை செய்யும்போது கன்னம் கட்டையில் படும் இடம் கொஞ்சம் மாறினாலும் அட்டை காட்டிக் கொடுத்துவிடும். ஸ்கோப் இருப்பவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணா.

கெடிலக்கரை

எல்லோருக்கும் நன்றி. லேத் அண்ணா கேட்டதற்குப் பதில்: ஓபன் சைட் இருக்கிறது, ஆனால் ஸ்கோப்பைக் கழற்றினால்தான் தெரியும். கட்டை ஸ்க்ரூக்களை இன்று பார்த்தேன். முன்னால் இருபக்கமும் இருக்கும் இரண்டில் இடதுபக்கம் ஆலன் கீ வைத்ததும் கால் சுற்று போனது. ட்ரிகர் கார்டு ஸ்க்ரூ இறுக்கமாகத்தான் இருந்தது.

டர்ரெட்டை எண்ணிப் பார்த்தேன். கீழ்க்கோடியிலிருந்து மேல்கோடிவரை 240 கிளிக். இப்போது நிற்கிற இடத்திலிருந்து மேலே 12 கிளிக்தான் பாக்கி.

பத்து மீட்டர், பை மேல்தான் வைத்துச் சுடுகிறேன், ஆனால் நடுவில் கையை வைத்துத்தான். நீங்கள் சொன்ன மாதிரி உள்ளங்கை வைக்கும் இடத்தில் ஒரு டேப் ஒட்டிக்கொள்கிறேன்.

லாஸ்பேட்டை லேத்

அந்த 12 கிளிக்தான் எனக்கு வேண்டிய தகவல்.

ஸ்கோப்புக்குள் இன்னொரு சின்னக் குழாய் இருக்கிறது. கிராஸ்ஹேர் அதோடுதான் நகரும். மேலே இருக்கும் டர்ரெட் ஸ்க்ரூ அதைக் கீழே அழுத்துகிறது, எதிர்ப்பக்கம் ஒரு ஸ்ப்ரிங் அதை மேலே தள்ளுகிறது. இரண்டுக்கும் நடுவில்தான் அந்தக் குழாய் நிற்கிறது. நீங்கள் 'மேல்' என்று திருகத் திருக ஸ்க்ரூ வெளியே வருகிறது, ஸ்ப்ரிங் நீண்டுகொண்டே போகிறது. கோடிக்குப் பக்கத்தில் போனால் ஸ்ப்ரிங்கில் பலமே இருக்காது, தொய்ந்த கயிற்றுக் கட்டில் மாதிரி ஆகிவிடும். அப்போது கிளிக் வைத்தால் ஸ்க்ரூ நகரும், குழாய் நகராது. அடுத்த இரண்டு சூட்டின் அதிர்ச்சியில் அது மெதுவாகப் போய் ஸ்க்ரூவில் ஒட்டும். 'கிளிக் ஏற்றினால் ஒன்றும் நடக்கவில்லை, இரண்டு சுட்டதும் குதிக்கிறது' என்று முதல் பதிவில் எழுதியிருந்தீர்கள். அது இதுதான் என்று நினைக்கிறேன். இடவல டர்ரெட் நடுவில் இருப்பதால் அந்தப் பக்கம் அலையவில்லை.

நிச்சயப்படுத்த ஒரு சோதனை இருக்கிறது, காசு செலவில்லை. டர்ரெட்டை 60 கிளிக் கீழே இறக்குங்கள். பெல்லட் கீழே போகும், போகட்டும். உங்கள் ஸ்கோப் கிளிக்குக்குக் கால் எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ. என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) என்றால் 20 மீட்டரில் ஒரு கிளிக் ஏறக்குறைய 1.45 மி.மீ. 60 கிளிக் என்றால் 9 செ.மீ. பக்கம். பெரிய அட்டையாக வைத்து, மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அதையே குறி பாருங்கள். துளை எங்கே விழுகிறது என்று கவலைப்படாதீர்கள், ஒன்றாக விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஒன்றாக விழுந்தால் ஸ்கோப் நல்ல ஸ்கோப். அப்போதும் அலைந்தால் வெள்ளிக் கடற்கரை சொல்வது சரி, மாற்ற வேண்டியதுதான்.

இன்னொன்று: ரிங்குக்கும் ஸ்கோப் குழாய்க்கும் குறுக்கே, அதேபோல மவுண்ட் அடிக்கும் டவ்டெயிலுக்கும் குறுக்கே, நகப்பூச்சால் மெல்லிய கோடு போடுங்கள். ஸ்ப்ரிங் ஏர்கனில் ஸ்கோப் பின்னால் நகர்வது சகஜம். கையால் ஆட்டினால் தெரியாது, கோடு உடைந்தால் தெரியும்.

மஞ்சக்குப்பம் (கடலூர்)

லேத் சொன்ன சோதனையோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஸ்கோப்பில் முன்லென்ஸைத் திருகி தூரம் வைக்கும் வசதி உண்டா? இல்லையென்றால் அது பெரும்பாலும் 100 கெஜத்துக்கு, அதாவது 91 மீட்டருக்கு, பாரலாக்ஸ் (கண் நகர்ந்தால் குறியும் நகர்வதுபோல் தெரிவது) இல்லாதபடி வைத்ததாக இருக்கும். அதை வைத்து 20 மீட்டரில் சுடும்போது கண் நடுவில் இல்லாவிட்டால் குறி தப்பும். கணக்கு சுலபம்: முன்லென்ஸ் 40 மி.மீ., அதில் பாதி 20. தூர வித்தியாசம் 71, அதை 91-ஆல் வகுத்து 20-ஆல் பெருக்கினால் 15 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. இது அதிகபட்சம். கண் லென்ஸின் ஓரத்துக்கே போனால்தான் அவ்வளவு வரும்.

பெல்லட் போடாமல் துப்பாக்கியைப் பைகளுக்கு நடுவில் அசையாமல் வைத்து, கை படாமல் தலையை மட்டும் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கிராஸ் அட்டையின்மேல் நீந்தினால் பாரலாக்ஸ் இருக்கிறது என்று அர்த்தம்.

முன்பக்க வளையத்தைக் கழற்றி லென்ஸைத் திருகி 20 மீட்டருக்கு வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நம் ஊரில் அதைச் செய்யாதீர்கள். உள்ளே நைட்ரஜன் அடைத்திருப்பார்கள், அது போய்விடும். ஐப்பசி கார்த்திகையில் உள்பக்கம் மூடுபனி படிந்து நிற்கும், துடைக்கவும் முடியாது. கன்னம் ஒரே இடத்தில் படும்படி கட்டைமேல் ஒரு பட்டையை ஒட்டிக்கொள்வது எவ்வளவோ மேல்.

பாகூர் (புதுச்சேரி)

நடுவில் ஒரு சந்தேகம். எங்கள் தோப்பில் அணில் தொல்லை தாங்கவில்லை. இந்த மாதிரி ஸ்கோப் போட்டால் 30 மீட்டரில் அணிலுக்கு எந்த பெல்லட் நல்லது?

நெறியாளர்

பாகூர், அந்தப் பேச்சு இங்கே வேண்டாம். 4.5 மி.மீ. விட்டமும் 20 ஜூலுக்கு உட்பட்ட சக்தியும் கொண்ட ஏர் ரைபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. அது வேட்டைக்குக் கொடுத்த அனுமதி இல்லை. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. உங்கள் பாகூர் ஏரிக்கும் ஊசுட்டேரிக்கும் எத்தனை பறவை வருகிறது என்று உங்களுக்கே தெரியும். மரத்தைச் சுற்றித் தகடு கட்டினால் அணில் ஏறாது. இந்த இழையில் அட்டைக் குறி மட்டும்தான்.

வெள்ளிக் கடற்கரை

லேத் சொல்லும் விளக்கத்தை மறுக்கவில்லை. ஆனால் 240 கிளிக் உள்ள ஸ்கோப்பில் 228 கிளிக் மேலே ஏற்றித்தான் ஜீரோ வருகிறது என்றால் அது எப்படி நியாயம்? நடுவிலிருந்து 108 கிளிக். 20 மீட்டரில் அது 15 செ.மீ.க்கும் மேல். அந்த அளவுக்குப் பேரல் கீழே தொங்குகிறதா? அப்படியானால் துப்பாக்கியையே அல்லவா திருப்பிக் கொடுக்க வேண்டும்?

லாஸ்பேட்டை லேத்

நல்ல கேள்வி. பிரித்துப் பார்ப்போம்.

ஸ்கோப் நடுக்கோடு பேரல் நடுக்கோட்டுக்கு மேலே எவ்வளவு இருக்கிறது? இந்த மாதிரி ரிங்கில் 4.5 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டும் இணையாக இருந்தால் பெல்லட் அந்த 4.5 செ.மீ. கீழேதான் போகும். அடுத்து புவியீர்ப்பு. நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் கிளம்பும் பெல்லட் 20 மீட்டர் போக நொடியில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஆகும். அதற்குள் 5 செ.மீ. சொச்சம் விழும். ஆகப் பத்து செ.மீ. நியாயமாகவே போய்விட்டது. அது யாருடைய குற்றமும் இல்லை.

மீதி 5, 6 செ.மீ.தான் கணக்கில் வராதது. கோணத்தில் சொன்னால் 10 எம்.ஓ.ஏ. பிரேக் பேரலில் அந்த அளவு தொங்கல் அதிசயமே இல்லை. மூட்டு வைத்த பேரல், மூடும்போது கொஞ்சம் தலை குனிந்தே நிற்கும். ஓபன் சைட் இரண்டுமே பேரல் மேலேயே இருந்தால் அதில் இந்தத் தொங்கல் தெரியாது. ஸ்கோப் உடம்பின்மேல் உட்காருவதால்தான் தெரிகிறது.

ஆனால் பேரல்மேல் பழி போடுவதற்கு முன்னால் ரிங்குகளை அளக்கச் சொல்வேன். விலை குறைந்த ரிங் ஜோடியில் முன்னதும் பின்னதும் ஒரே உயரம் என்று யாரும் உத்தரவாதம் கொடுப்பதில்லை. இரண்டு ரிங்குக்கும் நடுவே 100 மி.மீ. இடைவெளி என்றால் 0.03 மி.மீ. உயர வித்தியாசம் ஏறக்குறைய ஒரு எம்.ஓ.ஏ. ஒரு தலைமுடி கனத்துக்கு 2 எம்.ஓ.ஏ. ஓடிவிடும்.

கெடிலக்கரை

சோதனை செய்துவிட்டேன். முதலில் கட்டை ஸ்க்ரூவை இறுக்கி, உள்ளங்கைக்கு டேப் ஒட்டி, பழைய ஜீரோவிலேயே சுட்டேன். குரூப் முன்பைவிட ஒடுங்கியது, ஆனால் மேல்கீழ்க் குதிப்பு போகவில்லை. அப்புறம் 60 கிளிக் இறக்கி, மேலே ஒட்டிய ஸ்டிக்கரைக் குறி பார்த்துச் சுட்டேன்.

அட்டையின் அடியில், ஸ்டிக்கருக்கு ஒன்பது செ.மீ. கீழே, துளைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. ஐந்து சூட்டையும் ஒரு ரூபாய் நாணயத்தால் மூடலாம். அந்த இடத்தில் கிளிக் வைத்தால் அடுத்த சூட்டிலேயே நகர்கிறது. நகப்பூச்சுக் கோடு எதுவும் உடையவில்லை. தலையை அசைத்தால் கிராஸ் கொஞ்சம் நீந்துகிறது, பெரிதாக இல்லை.

ஸ்கோப் நன்றாகத்தான் இருக்கிறது! ஆனால் இப்போது நடுவில் கொண்டுவர மறுபடி அந்த மேல்கோடிக்கே அல்லவா ஏற்ற வேண்டும். பின் ரிங்குக்கு அடியில் எக்ஸ்ரே பிலிம் வெட்டி வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். சரியா?

மஞ்சக்குப்பம்

ஒரு துண்டு எக்ஸ்ரே பிலிம் ஏறக்குறைய 0.2 மி.மீ. வரும். அது 7 எம்.ஓ.ஏ. கொடுக்கும். ஒரு துண்டு வைக்கலாம், அதற்குமேல் அடுக்காதீர்கள். பின் ரிங் மட்டும் தூக்கிக்கொண்டு நின்றால் இரண்டு ரிங்கும் ஒரே நேர்கோட்டில் இருக்காது. இறுக்கும்போது ஸ்கோப் குழாய் வளையும். குழாய் வளைந்தால் உள்ளே இருக்கும் அந்தச் சின்னக் குழாயும் சிக்கும், ஒரு வினையைத் தீர்க்கப்போய் இன்னொன்றை வாங்கியதாக ஆகும்.

லாஸ்பேட்டை லேத்

பிலிம் வெட்டுவதற்கு முன்னால் ரிங்கை அளங்கள் தம்பி. யாராவது தெரிந்தவரிடம் ஹைட் கேஜ் (உயரம் அளக்கும் கருவி) இருக்கும். இரண்டு ரிங்கையும் டவ்டெயிலில் ஒரே இடத்தில் மாற்றி மாற்றி மாட்டி, 25.4 மி.மீ. கிரவுண்டு ராடு ஒன்றை வைத்து உயரம் பாருங்கள். வெவ்வேறு இடத்தில் மாட்டி அளந்தால் டவ்டெயிலின் கோணல் சேர்ந்துவிடும்.

ரிங்கைக் கழற்றும்போது ஸ்கோப்பைக் கையில் எடுத்து ஆட்டிப் பாருங்கள், உள்ளே ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று. மூட்டையும் பாருங்கள்: பேரலைப் பூட்டிய நிலையில் இடவலமாகவும் மேல்கீழாகவும் நெட்டிப் பாருங்கள். துளியும் ஆடக் கூடாது. ஆடினால் பிவட் போல்ட்டை இறுக்க வேண்டும். இதெல்லாம் செய்யும்போது பெல்லட் இருக்கக் கூடாது, ஸ்ப்ரிங் ஏற்றியிருக்கக் கூடாது.

நெய்வேலி

என்னுடையது பி.சி.பி. (சிலிண்டரில் முன்கூட்டியே அழுத்தக் காற்று நிரப்பிச் சுடும் வகை). அதிலும் காலையில் ஒரு இடம், கொஞ்ச நேரம் சுட்டபிறகு ஒரு இடம் என்று போகிறது. எனக்கும் ஸ்கோப் கோடிக்குப் போயிருக்குமா?

பத்து மீட்டர்

நெய்வேலி அண்ணா, உங்களுடையதில் ரெகுலேட்டர் (ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரே அழுத்தம் கொடுக்கும் பாகம்) உண்டா? இல்லையென்றால் சிலிண்டர் அழுத்தம் இறங்க இறங்க வேகம் மாறும், பெல்லட் விழும் இடமும் மாறும். 200 பார் நிரப்பி முழுக்க ஒரே ஜீரோவில் சுட முடியாது. ஒவ்வொரு ஐந்து சூட்டுக்கும் கேஜ் எவ்வளவு காட்டுகிறது என்று அட்டையிலேயே எழுதிக்கொண்டு போங்கள். இடம் மாறுவது அழுத்தத்தோடு சேர்ந்து வருகிறதென்றால் ஸ்கோப்பைத் தொடாதீர்கள்.

நெய்வேலி

ரெகுலேட்டர் இல்லை. எழுதிப் பார்க்கிறேன். நன்றி தங்கச்சி.

கெடிலக்கரை

அளந்தாயிற்று. சிப்காட்டில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கும் நண்பர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சர்ஃபேஸ் பிளேட்மேல் துப்பாக்கி உடம்பை வைத்து அளந்து கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் ரிங்கை மாட்டி, ராடை வைத்து, ஹைட் கேஜைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். முள் ஆடாமல் நிற்கும்வரை அடுத்ததற்குப் போகவில்லை.

முன்னால் இருந்த ரிங் உயரம், பின்னால் இருந்தது 0.25 மி.மீ. குட்டை!

ரிங்குகளுக்கு நடுவே 100 மி.மீ. லேத் அண்ணா சொன்ன கணக்குப்படி 8, 9 எம்.ஓ.ஏ. வருகிறது. அதாவது கணக்கில் வராத 10 எம்.ஓ.ஏ. கிட்டத்தட்ட முழுக்க ரிங்கில்தான். பேரல் பாவம்.

மூட்டு ஆடவில்லை. ஸ்கோப்பை ஆட்டினால் சத்தம் எதுவும் இல்லை.

லாஸ்பேட்டை லேத்

அப்படியானால் உங்களுக்குப் பிலிமும் வேண்டாம், அட்ஜஸ்டபிள் மவுண்டும் வேண்டாம். இரண்டு ரிங்கையும் இடம் மாற்றி மாட்டுங்கள். குட்டை முன்னால், உயரம் பின்னால். இதுவரை 0.25 உங்களுக்கு எதிராக இருந்தது, இனி 0.25 உங்கள் பக்கம். மொத்தம் 0.5 மி.மீ. மாற்றம், 17 எம்.ஓ.ஏ., ஏறக்குறைய 69 கிளிக். மேலே 12 கிளிக் இருந்த இடத்தில் 80 கிளிக் இருக்கும். ஸ்ப்ரிங்குக்கு நல்ல பிடி கிடைத்துவிடும். 0.25-க்குக் குழாய் கொஞ்சம் வளையப் பார்க்கும்தான். இதுவரையும் அதே அளவு எதிர்ப்பக்கம் வளைந்துதான் இருந்திருக்கிறது. முடிந்தால் ரிங் உட்புறத்தில் மெல்லிய ஒட்டுநாடா ஒரு சுற்று வையுங்கள், மேடுபள்ளத்தை வாங்கிக்கொள்ளும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை. ஸ்டாப் பின் (மவுண்ட் நகராமல் தடுக்கும் முள்) பின்பக்க ரிங்கில் இருக்க வேண்டும், டவ்டெயிலில் இருக்கும் குழிக்குள் இறங்கியிருக்க வேண்டும். ரிங்கை மாற்றினால் அந்த ஸ்டாப் பின்னும் முன்னால் போய்விடும், மறக்காதீர்கள். டவ்டெயிலையும் மவுண்ட் தாடையையும் ரிங் உட்புறத்தையும் தின்னர் வைத்து எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடையுங்கள். பளபளப்பாக எண்ணெய் போட்டு மாட்டினால் வழுக்கிக்கொண்டு போகும். ஸ்க்ரூவை ஒரே பக்கம் முழுக்க இறுக்காமல், எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இருபுறமும் மேல்மூடி இடைவெளி சமமாக இருக்க வேண்டும். ரிங் மேல்மூடி ஸ்க்ரூவுக்கு 2 நியூட்டன் மீட்டருக்கு மேல் வேண்டாம். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் ஆலன் கீயின் குட்டைக் காலை இரண்டு விரலால் பிடித்துத் திருகுங்கள், அந்த அளவு போதும். நீளக் காலைப் பிடித்து முழுப் பலத்தையும் காட்டினால் குழாய் நசுங்கும். நசுங்கிய குழாயில் ஸ்ப்ரிங் எவ்வளவு பலமாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

வெள்ளிக் கடற்கரை

0.25 மி.மீ. ரிங்கில் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. நல்லது, ஒரு ஸ்கோப் காசு மிச்சம். ஆனாலும் மாட்டிய பிறகு பாக்ஸ் டெஸ்ட் செய்யாமல் நம்பாதீர்கள். ஒரே குறியைப் பார்த்துக்கொண்டு, 20 கிளிக் மேலே, 20 வலது, 20 கீழே, 20 இடது என்று சுடுங்கள். உங்கள் தூரத்தில் பக்கம் 29 மி.மீ. உள்ள சதுரம் வர வேண்டும், கடைசி சூடு முதல் துளையில் வந்து சேர வேண்டும். சதுரம் கோணலானாலோ மூடாவிட்டாலோ உள்ளே கோளாறு இருக்கிறது. இவ்வளவு நாள் கோடியிலேயே நின்று அடி வாங்கிய ஸ்கோப், அதனால்தான் சொல்கிறேன்.

கெடிலக்கரை

மாட்டிவிட்டேன். ஸ்டாப் பின்னைக் கழற்ற முடிந்தது. மற்ற ரிங்கிலும் அதே மரை இருந்தது, அதில் போட்டுக்கொண்டேன். தின்னர் போட்டுத் துடைத்தபோது வெள்ளைத் துணி கறுப்பாகிவிட்டது, கடையில் எண்ணெயோடுதான் மாட்டியிருக்கிறார்கள்.

ஜீரோ இப்போது மேல்கோடியிலிருந்து 78 கிளிக்கில் நிற்கிறது. பாக்ஸ் டெஸ்ட் சதுரம் மூடியது. ஸ்கேல் வைத்து அளந்தால் பக்கங்கள் 28, 30, 29, 29. என் கை நடுக்கத்துக்கு அது போதும். நகப்பூச்சுக் கோடுகளைப் புதிதாகப் போட்டிருக்கிறேன். அடுத்த ஞாயிறு தோப்புக்குப் போனதும் முதலில் கோட்டைப் பார்த்துவிட்டு, ஜீரோவைத் தொடாமலேயே சுட்டேன். முதல் பெல்லட்டே குறியில். கோடு அப்படியே இருந்தது.

மதியம் வெயிலில் மட்டும் ஒரு சென்டிமீட்டர் மேலே போகிறது. இது என்ன?

மஞ்சக்குப்பம்

வெயிலில் துப்பாக்கி எவ்வளவு நேரம் இருந்தது? வெறும் இரும்பும் கண்ணாடியும்தானே, எல்லாம் சூட்டில் கொஞ்சம் நகரும். பிஸ்டன் உராய்வும் எண்ணெயின் கெட்டித்தன்மையும் மாறும். சுடும்போது எரிந்த வாடையோ லேசான புகையோ வந்தால் சொல்லுங்கள், சிலிண்டருக்குள் எண்ணெய் எரிகிறது என்று அர்த்தம். அப்போதும் வேகம் கூடி மேலே போகும். வாடை இல்லையென்றால் நிழலில் வைத்துச் சுடுங்கள். அந்த ஒரு செ.மீ.க்காக டர்ரெட்டைத் திருகாதீர்கள், மறுநாள் காலையில் கீழே போய் நிற்கும்.

கெடிலக்கரை

புகை இல்லை, வாடை இல்லை. நிழலுக்கு மாறிவிட்டேன்.

துறைமுகம் (கடலூர் முதுநகர்)

இவ்வளவு தூரம் படித்தவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். கடற்கரைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் ரிங் ஸ்க்ரூவை மழைக்கு முன்னால் ஒருதடவை கழற்றிப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஜன்னல் கொக்கியே வருடத்துக்கு ஒருதடவை மாற்ற வேண்டியிருக்கிறது, அவ்வளவு உப்புக்காற்று. சின்ன ஸ்க்ரூ துருப்பிடித்துக் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டால் ஆலன் கீ வழுக்கி ஸ்க்ரூ தலை வட்டமாகிவிடும். அப்புறம் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். ரெக்ஸின் உறையில் பூட்டி வைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே நின்றுவிடும். சிலிக்கா ஜெல் பை இரண்டு போட்டு, உலர்ந்த இடத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டாத அலமாரியில் பூட்டி வையுங்கள். பேரலுக்கும் உடம்புக்கும் வெளிப்புறம் மெல்லிய எண்ணெய், மவுண்ட் தாடைக்கு மட்டும் வேண்டாம்.

கெடிலக்கரை

அண்ணா, ஸ்க்ரூவுக்கு லாக்டைட் போட்டால் துருவும் பிடிக்காது, தளரவும் செய்யாது என்று நினைக்கிறேன். போடலாமா?

லாஸ்பேட்டை லேத்

நீல நிற 243 ஒரு துளி, மவுண்ட் அடியில் இருக்கும் இறுக்கும் ஸ்க்ரூவுக்கும் முன்கட்டை ஸ்க்ரூவுக்கும் போடலாம். சிவப்பைத் தொடாதீர்கள், சூடு காட்டாமல் கழற்ற முடியாது, ஸ்கோப்பை வைத்துக்கொண்டு சூடு காட்டவும் முடியாது. ரிங் மேல்மூடி ஸ்க்ரூவுக்கு எதுவும் வேண்டாம், சரியான இறுக்கமே போதும். லாக்டைட் ஈரமாக இருக்கும்போது மரை வழுக்கும், அதனால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இறுக்குங்கள். ஒருநாள் முழுக்கக் காய விட்டுவிட்டுச் சுடுங்கள்.

கெடிலக்கரை

சரி அண்ணா. நீலம் வாங்கிவிட்டேன். முன்கட்டை இரண்டுக்கும் மவுண்டுக்கும் போட்டிருக்கிறேன், நாளைக் காலை வரை தொடப்போவதில்லை.